ராமநாதபுரம் கடற்கரையில் பெரியவர்களுக்குப் பிரெஞ்சு: முதல் வகுப்பு முதல் தேர்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் நம் மாவட்டத்திலும் உண்டு. நூற்றுக்கு நூறை நெருங்கியவரிடம் "ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள்" என்றால் விழிப்பார். அந்தப் பாடமுறை பரீட்சைத் தாளுக்காகச் செய்தது. கீழக்கரையிலோ தங்கச்சிமடத்திலோ முப்பத்தைந்து வயதுக்கு மேல் பிரெஞ்சு படிக்க வருகிறவருக்கு அதே முறையைக் கொடுத்தால் நாலாவது வாரம் நாற்காலி காலியாகிவிடும்.

ஒரு நூலகத்திலோ ஜமாஅத் மகாலிலோ பங்குக்கோவில் கூடத்திலோ தொடர்கல்வி வகுப்பாகப் பிரெஞ்சு நடத்த நினைப்பவருக்கு இந்த வழிகாட்டி. என் கட்சி ஒன்றுதான்: ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சுக்குப் போகாதீர்கள், தமிழிலிருந்து நேராகப் போங்கள். இந்தக் கரையில் பேசும் தமிழும், ஓதிப் பழகிய நாக்கும், ஏலக்கடையில் எண் சொல்லும் வேகமும் பிரெஞ்சுக்குப் பாதி வேலையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கின்றன.

பிரெஞ்சுச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கரும்பலகையில் அப்படி எழுதக் கூடாது. காரணம் கீழே வரும்.

படி 1: எதற்காக வருகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

சேர்க்கைப் படிவத்தில் வயது, படிப்பு கேட்பதைவிட "பிரெஞ்சை எங்கே, யாரிடம் பேசப் போகிறீர்கள்?" என்று கேட்பது மேல். இந்தக் கரையில் பதில் பெரும்பாலும் நான்கு வகையில் அடங்கும்.

முதல் வகை, குடும்பம். காரைக்கால், புதுச்சேரிப் பக்கத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் சம்பந்தம் செய்து, கணவரிடமோ மனைவியிடமோ போய்ச் சேரக் காத்திருப்பவர்கள். மண்டபம் முகாமிலும் வெளியிலும் இருக்கும் ஈழத்தமிழர்களில் பாரிஸில் உறவுக்காரர்கள் உள்ளவர்களும் இதில் சேர்வார்கள். பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருப்பது உண்மைதான். ஆனால் வாடகை ஒப்பந்தமும், பிள்ளையின் பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும் பிரெஞ்சில்தான் நடக்கும். 2024 ஜனவரியில் பிரான்ஸ் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 நிலை வேண்டும் (ஏ1, ஏ2, பி1, பி2 என்பவை மொழித் திறனின் படிநிலைகள், ஏ1தான் தொடக்கம்). விதிவிலக்குகள் உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் சமயத்தில் பிரெஞ்சு அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை கனடா. நர்சிங், இன்ஜினியரிங் முடித்தவர்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் குடியேற்ற முறையில் பிரெஞ்சுக்குக் கூடுதல் புள்ளி உண்டு, 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனிச் சுற்றும் நடக்கிறது. இவர்களுக்கு வேண்டியது டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வு. பிரான்ஸ் தரும் டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் திறன் சான்றிதழ் அங்கே செல்லாது. கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நான்கிலும் கனடா அளவுகோலில் ஏழாம் நிலை வேண்டும். அது ஏறக்குறைய பி2. "ஆறு மாசத்துல முடியுமா சார்?" என்று கேட்பார்கள். வேலைக்குப் போய்க்கொண்டு படித்தால் முடியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, ராமேஸ்வரத்தில் வழிகாட்டிகள், ஆட்டோ ஓட்டுநர்கள், விடுதிக்காரர்கள். இவர்களுக்குச் சான்றிதழ் தேவையில்லை. இருநூறு வாக்கியம் சுத்தமாக வந்தால் போதும். நான்காவது, ஆசைக்குப் படிக்கிறவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நேரம் கிடைத்த அம்மா. வகுப்பைக் கலகலப்பாக வைத்திருப்பது பெரும்பாலும் இவர்கள்தான்.

நான்கு வகையையும் ஏ1 வரை ஒரே அறையில் உட்கார வைக்கலாம். அதற்குமேல் கனடாக்காரர்களைப் பிரித்துவிடுங்கள், அவர்களுடைய அவசரம் மற்றவர்களை மிரட்டும்.

படி 2: கடலுக்கும் பள்ளிவாசலுக்கும் ஏற்ற நேர அட்டவணை

நகரத்து மையங்களின் "திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறு மணி" இங்கே நடக்காது. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை திரும்பும். ஆகவே படகில் போகிறவர்களுக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலை. காலையில் மீன் இறக்கி, உறங்கி எழுந்து வருவார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் மற்ற நாட்களில் போகிறவர்கள், அவர்களை அதே குழுவில் போட்டால் இரண்டு தரப்பும் கெடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் பெண்களுக்குக் காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை நல்ல நேரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும், மதியச் சமையலுக்கு இன்னும் நேரம் இருக்கும். ஆண்களுக்கு இரவு இஷா தொழுகைக்குப் பிறகு. ரமலானில் புதுப் பாடம் எடுக்காதீர்கள். வாட்ஸாப்பில் நாளுக்கு ஒரு சின்னக் கேட்டல் பயிற்சி மட்டும் அனுப்பினால் போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இந்தக் கரையில் தீவிர வகுப்பு நடத்த இதைவிட நல்ல காலம் கிடையாது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் எண்பது மணி நேரத்துக்கு மேல் வரும். ஏ1 நிலைக்கு 60 முதல் 100 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. அதாவது தடைக்காலத்தில் தொடங்குகிறவர் ஜூன் கடைசியில் ஏ1 எழுதலாம். தொடக்கத்திலிருந்து ஏ2 வரை 160 முதல் 200, பி1 வரை 360 முதல் 400, பி2 வரை 560 முதல் 650 மணி நேரம் ஆகும். இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள், வீண் எதிர்பார்ப்பு குறையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயல் எச்சரிக்கையும் பாடத்தைத் தின்னும். அந்த மூன்று மாதத்தில் திருப்புதல் மட்டும் வையுங்கள்.

படி 3: முதல் ஒரு மாதம் காதும் வாயும்

புத்தகத்தைத் திறக்காமல் முதல் பத்துப் பன்னிரண்டு வகுப்புகளை ஓட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். பெரியவர்களுக்கு ஏழு வயசுப் பிள்ளைக்கு இருக்கும் கூச்சமின்மை கிடையாது. ஒருமுறை தப்பான உச்சரிப்பு படிந்துவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம்.

மூக்கொலி உயிர்களிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இதைப் பெரிய மலையாகக் காட்டுவார்கள். நம் பேச்சுத்தமிழில் அது ஏற்கெனவே இருக்கிறது. "மரம்" என்று எழுதுகிறோம், பேசும்போது உதடு ஒட்டுகிறதா? கையை உதட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டாது. கடைசி உயிர் மூக்கு வழியாகப் போகும், அவ்வளவுதான். "நல்ல" என்று பொருள்படும் "பொன்" என்ற பிரெஞ்சுச் சொல்லின் முடிவு அதே ஒலி. "வந்தான்" என்பதைப் பேச்சில் சொல்லும்போது வரும் கடைசி ஒலி, "உள்ளே" என்று பொருள்படும் "தான்" சொல்லில் இருக்கிறது. "அவன்" என்பதை இந்தப் பக்கம் இழுத்துச் சொல்கிற ஒலி, ரொட்டிக்கான "பேன்" சொல்லுக்குக் கிட்டத்தில் வரும். மூன்று தமிழ்ச் சொல், மூன்று பிரெஞ்சுச் சொல். அரை மணி நேரத்தில் வகுப்பு முழுக்கச் சொல்லிவிடும். எழுத்துத்தமிழ் உச்சரிப்பில் சொன்னால் இது வராது, வீட்டில் பேசுகிறபடி பேசச் சொல்லுங்கள்.

அடுத்தது ரகரம். பாரிஸ்காரர் ரகரத்தை நாக்கு நுனியில் சொல்வதில்லை, தொண்டையில் உரசுகிறார். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் குர்ஆன் ஓதிப் பழகியவர்களுக்கு இதற்குப் பாடமே வேண்டாம். "மஃரிப்" என்று முறையாகச் சொல்லும்போது நடுவில் வரும் கைன் எழுத்தின் ஒலி, பிரெஞ்சு ரகரத்துக்குப் பக்கத்து வீடு. த, ப, க ஒலிகளுக்குப் பின்னால் வரும்போது அது மூச்சொலியாக மாறி, "கைர்" என்ற அரபுச் சொல்லின் முதல் ஒலிபோல ஆகும். "மூன்று" என்பதற்கான "த்ருவா" அப்படி. ஓதத் தெரிந்தவரைத் தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்கா), பக்கத்தில் இருக்கும் தங்கச்சிமடத்து அக்காவுக்கு ரகரம் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதைவிட வேகமாக ஏறும். வராதவரை விட்டுவிடுங்கள். நாக்கு நுனி ரகரம் சொன்னாலும் புரியும், தேர்வில் அதற்காகத் தோற்க மாட்டார்கள்.

மூன்றாவது, நம்மவர்கள் உண்மையிலேயே தடுக்கி விழும் இடம். மீனுக்குப் பிரெஞ்சில் "புவாசொன்". முதல் ஒலி தொண்டை அதிராத "ப", நடுவில் "ச". நடுவில் இருப்பதை அதிர்த்து, "ஸக்காத்" என்று அரபு வழக்கில் சொல்வதுபோல் சொன்னால் அது விஷம். முதல் ஒலியை "பஸ்" சொல்லில் வருகிறபடி அதிர்த்தால் அது பானம். மீன், விஷம், பானம் மூன்றையும் தமிழில் எழுதிப் பாருங்கள், மூன்றும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். கரும்பலகையில் பிரெஞ்சைத் தமிழில் எழுதாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். ராமேஸ்வரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் "இன்றைக்கு நல்ல விஷம் இருக்கிறது" என்று விருந்தாளியை அழைத்தால் சிரிப்பு வரும், ஒருமுறைக்கு மேல் வராது.

இதற்கு ஒரு விளையாட்டு. மூன்று நிற அட்டை: நீலம் மீன், சிவப்பு விஷம், மஞ்சள் பானம். நீங்கள் சொல்லுங்கள், அவர்கள் அட்டையைத் தூக்கட்டும். காது பிரித்துவிட்ட பிறகு அவர்கள் சொல்ல, நீங்கள் தூக்குங்கள். தப்பான அட்டை நீங்கள் தூக்கினால் அவர்களுக்கே தெரிந்துவிடும், "தப்பு" என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஐம்பது வயசுக்காரரை நாலு பேர் முன்னால் திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

மற்றவை சுருக்கமாக. பிரெஞ்சில் நம் "த" உண்டு, "ட" கிடையாது. ஆங்கிலப் பழக்கத்தில் "டேபிள்" என்பார்கள், "தாப்ல்" என்று பல்லில் நாக்கைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "நீ" என்பதற்கான "த்யு" சொல்லுக்கு உதட்டை "ஊ"வுக்குக் குவித்து வைத்துக்கொண்டு "ஈ" சொன்னால் வரும், சில நாள் ஆகும். "ழாக்" என்று நாம் எழுதும் பெயரில் இருப்பது நம் ழகரம் இல்லை, "ஷ" ஒலியை அதிர்த்தால் வருவது. சொல்லின் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் பல இடங்களில் எழுந்துவிடும். "வூ" (நீங்கள்), "அவே" (கொண்டிருக்கிறீர்கள்) சேர்ந்து "வூஸவே" ஆகும். இதை உடம்படுமெய் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போங்கள், பத்தாம் வகுப்பு இலக்கணம் யாருக்கும் முழுசாக மறந்திருக்காது.

படி 4: இலக்கணத்தைத் தமிழிலிருந்து எடுங்கள்

முதலில் நல்ல செய்தி. நீ, நீங்கள் வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே உண்டு. பிரெஞ்சின் "த்யு", "வூ" இரண்டையும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு ஒரு மணி நேரம் விளக்க வேண்டும். இங்கே ஒரு நிமிடம் போதும். வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் "வூ" போட்டே பேசட்டும். ஆசிரியர் இளையவர் என்றால் தமிழில் அண்ணே, அக்கா, காக்கா, லாத்தா என்று எப்போதும் அழைக்கிறபடி அழைத்துவிட்டு, பிரெஞ்சில் "வூ" போடலாம். பெயர் சொல்லி அழைப்பதுதான் பிரெஞ்சுப் பண்பாடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வயது சொல்வது, பசி சொல்வது இரண்டிலும் தமிழ் கைகொடுக்கும். "எனக்கு நாற்பது வயது", "எனக்குப் பசி" என்பதைப் பிரெஞ்சு "நான் நாற்பது வயது கொண்டிருக்கிறேன்", "பசி கொண்டிருக்கிறேன்" என்று சொல்லும். ஆங்கிலம் வழியாக வருகிறவர் "நான் நாற்பது ஆக இருக்கிறேன்" என்று சொல்லித் தோற்பார். "எனக்கு" வருகிற இடத்தில் "ழெ" (நான் கொண்டிருக்கிறேன்) என்று மனதில் பதிய வையுங்கள். முழுக்கப் பொருந்தாது, ஆனால் முதல் ஐம்பது வாக்கியத்துக்குத் தாங்கும்.

இன்னொரு வாய்ப்பு: "நான் அவனைப் பார்க்கிறேன்". பிரெஞ்சில் "ழ ல வுவா". நான், அவனை, பார்க்கிறேன், வரிசை மாறவே இல்லை. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் வினைக்குப் பின்னால் போகும், பிரதிப்பெயராக இருந்தால் நம் வரிசை. பல பாடநூல்கள் இதை ஏ2 வரை தள்ளிப்போடும். நீங்கள் ஏ1 நடுவிலேயே எடுக்கலாம்.

இனி தொல்லைகள். "நான் மீனவன்" என்பதில் நமக்கு வினையே இல்லை. ஆகவே "ழ பெஷேர்" என்று விட்டுவிட்டுப் போவார்கள், "இருக்கிறேன்" என்று பொருள்படும் "சுய்" விழுந்துவிடும். "ழ சுய்" என்பதை இரண்டு சொல்லாகவே காட்டாமல், ஒரே மூச்சில் ஒட்டிய சொல்லாகப் பழக்குங்கள். எழுவாயை விடுவதும் அப்படித்தான். "வந்தேன்" என்றால் நமக்கு யார் வந்தது என்று தெரியும், விகுதி சொல்லிவிடும். பிரெஞ்சிலும் எழுத்தில் விகுதி உண்டு. ஆனால் நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள் மூன்றிலும் வினை காதுக்கு ஒரே "பார்ல்" தான். எழுவாய் இல்லாவிட்டால் கேட்கிறவருக்கு ஒன்றும் புரியாது.

பால் வேறுபாடு பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். படகு ஆண்பால், கடல் பெண்பால், வலை ஆண்பால், இறால் பெண்பால். ஏன் என்று கேட்பார்கள், காரணம் தேடாமல் சொல்லோடு சேர்த்துக் கற்கச் சொல்லுங்கள்: "ல பத்தோ", "லா மேர்", "ல ஃபிலே", "லா கிரவெத்". நீல மையில் ஆண்பால், சிவப்பு மையில் பெண்பால் என்று நோட்டில் எழுதினால் கண்ணில் தங்கும். "ஆழ்" என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால் என்று பாடநூல் ஒரு குறிப்பு தரும். நல்ல குறிப்புதான், ஆனால் நமக்கு முதலில் வேண்டிய கடற்கரை, "ப்ளாழ்", அதற்கு விலக்காகப் பெண்பாலில் நிற்கிறது.

படி 5: எண்கள், ஏலம்

எழுபதுக்கு மேல் பிரெஞ்சு எண்கள் பெரியவர்களைப் பயமுறுத்தும். எழுபது என்றால் "அறுபது பத்து", எண்பது என்றால் "நாலு இருபது", தொண்ணூறு என்றால் "நாலு இருபது பத்து". தொண்ணூற்றேழு "நாலு இருபது பதினேழு". மனப்பாடம் செய்யச் சொன்னால் ஓடுவார்கள். ஏலம் விடச் சொன்னால் உட்காருவார்கள்.

ஒரு கூடையில் காகித மீன்களைப் போடுங்கள். ஒருவர் ஏலம் கூறுகிறவர், மற்றவர்கள் கேட்கிறவர்கள். அறுபதில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்ற வேண்டும், பிரெஞ்சில் மட்டும். தடுமாறினால் மீன் அடுத்தவருக்கு. மீன் ஏலக்கூடத்தில் பழகியவர்களின் வாய் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது இங்கே தெரியும். "சுவசாந்த் தீஸ்", "சுவசாந்த் கேன்ஸ்", "கத்ர வேன்" என்று இரண்டாவது நாளே யோசிக்காமல் வரும். சுவிட்சர்லாந்திலும் பெல்ஜியத்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் எளிய சொற்கள் உண்டு, அங்கே போகிறவருக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள்.

நேரத்தை 24 மணிக் கணக்கில் பழக்குங்கள். ரயில் அட்டவணை பார்த்தவர்களுக்குச் சிரமம் இல்லை.

படி 6: எழுத்தும் படிவமும்

ஒன்றிரண்டு பேர் ரோமன் எழுத்தில் தயங்குவார்கள். வெளியில் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாரம் எழுத்துகளின் பிரெஞ்சுப் பெயரைப் பழக்கினால் அவர்களும் மானம் போகாமல் தேறிவிடுவார்கள். ஏ1 தேர்வில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டி வரும். ஆங்கிலத்தில் "ஜி" என்கிற எழுத்து பிரெஞ்சில் "ழே", "ஜே" என்கிற எழுத்து "ழி". இங்கேதான் ஆங்கிலம் தெரிந்தவர் குழம்புவார், தெரியாதவர் குழம்ப மாட்டார்.

படிவத்தில் "நோன்" என்பது குடும்பப்பெயர், "ப்ரெனோன்" என்பது சொந்தப் பெயர். நமக்கு இனிஷியல்தான். தகப்பனார் பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் போடுவதா, இனிஷியலை விரித்து எழுதுவதா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று செய்து, கடைசியில் சான்றிதழ் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் இருக்கும். விசா நேரத்தில் அலைச்சல். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், வகுப்பில் முதல் வாரத்திலிருந்தே எழுதிப் பழகட்டும்.

பிரான்ஸில் ஒன்று என்ற இலக்கத்துக்கு மேலே நீண்ட கொக்கி போடுவார்கள், ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்கள். கையெழுத்துக் கடிதம் வந்தால் ஒன்றை ஏழு என்று படித்துவிடாமல் இருக்க இதையும் காட்டிவிடுங்கள்.

படி 7: ஒன்றரை மணி நேர வகுப்பு எப்படி ஓடும்

முதல் பத்து நிமிடம் பேச்சு: நேற்று என்ன சாப்பிட்டீர்கள், கடல் எப்படி இருந்தது, மகன் போன் பேசினானா. பிறகு இருபது நிமிடம் ஒலிப்பதிவு, மூன்று முறை. முதல் முறை யார் பேசுகிறார்கள் என்று மட்டும் கேட்கட்டும், இரண்டாவது முறை எங்கே, எதற்கு, மூன்றாவது முறைதான் சொற்கள். அரை மணி நேரம் அன்றைய வாக்கிய அமைப்பு, தமிழில் விளக்கம், பிரெஞ்சில் பயிற்சி. மீதி நேரம் நாடகம்: மருந்துக்கடை, வாடகை வீடு, ராமநாதசுவாமி கோவிலின் நீளப் பிராகாரத்தில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியை அழைத்துப் போவது.

தமிழில் விளக்குவதற்குக் கூசாதீர்கள். "வகுப்பில் பிரெஞ்சு மட்டும்" என்ற விதி பாரிஸில் சரி, அங்கே கதவைத் திறந்தால் தெருவே பாடம் எடுக்கும். இங்கே கதவைத் திறந்தால் கடல்தான்.

வீட்டுப்பாடம் வாட்ஸாப் குரல்பதிவு. ஒரு நாளுக்கு முப்பது விநாடி. குழுவில் போட வேண்டாம், உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். குரலைப் பொதுவில் போட விரும்பாத பெண்கள் இதனாலேயே தொடர்ந்து வருவார்கள். கேட்பதற்கு டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் இலவசப் பயிற்சிகள் ஏ1 முதல் இருக்கின்றன. ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி ஏ2 முடித்தவர்களுக்குப் பிடிபடும். அதற்கு முன்னால் கொடுத்தால் மனம் விட்டுப்போகும்.

படி 8: ஏ2 தாண்டும்போது தனுஷ்கோடி

இறந்தகாலம் இரண்டு: ஒன்று நடந்து முடிந்த நிகழ்ச்சி, இன்னொன்று அப்போது இருந்த நிலை அல்லது வழக்கம். பாடநூலில் இதற்கு மார்சேய் விடுமுறை, பாட்டி வீட்டுத் தோட்டம் என்று ஏதாவது இருக்கும். நமக்கு 1964 டிசம்பர் 22 இரவு இருக்கிறது.

புயலுக்கு முன்னால் தனுஷ்கோடி எப்படி? "ஸ்டேஷன் இருந்தது. தபாலாபீஸ் இருந்தது. தலைமன்னாருக்குக் கப்பல் போகும், வரும். ஜனங்கள் இறங்குவார்கள்." தமிழில் பழைய வழக்கத்தைச் சொல்ல "போகும், வரும், இறங்குவார்கள்" என்று எதிர்கால வடிவத்தைப் பிடிக்கிறோம், கவனித்தீர்களா? அந்த இடத்திலெல்லாம் பிரெஞ்சில் "இல் யாவே" (இருந்தது) வகை இறந்தகாலம். பிறகு: "புயல் அடித்தது. கடல் ஏறியது. ரயிலை அடித்துச் சென்றது. ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள்." இது முடிந்த நிகழ்ச்சி, இங்கே இரட்டைச் சொல் இறந்தகாலம். தமிழ்க் கதையை ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொரு வினைக்கும் முதலாவதா இரண்டாவதா என்று கை தூக்கட்டும். பிறகு பிரெஞ்சில். ஒரே மாலையில் ஏறுகிற அளவுக்கு, பாடநூலின் இரண்டு அத்தியாயம் ஏறாது.

பி1 எழுத்துத் தாளில் 160 சொல் அளவில் கருத்துரை வரும். அதற்குப் பாம்பன் பாலம் நல்ல பொருள். 1914இல் திறந்த பழைய பாலம், 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலம், இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். கட்சி பிரிந்து சண்டை போடுவார்கள், பழைய பாலத்தின் கத்தரித் தூக்குக்கு இன்னும் ஆதரவாளர்கள் உண்டு. சண்டை வந்தால் "என் கருத்துப்படி", "ஆனாலும்", "அதற்கு மாறாக" எல்லாம் தானாக வந்துவிடும்.

படி 9: தேர்வு

டெல்ஃப் சான்றிதழை பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் பெயரில் கொடுக்கிறார்கள், அதற்குக் காலாவதி இல்லை. டெஃப், டிசிஎஃப் முடிவுகள் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். கனடாக்காரர் சீக்கிரமே எழுதிவிட்டால் விண்ணப்பிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

டெல்ஃப் நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. பேச்சில் வாய் திறக்காதவர் மற்ற மூன்றிலும் முழுசாக எடுத்தாலும் தோல்விதான். ஏ1 எழுத்துத் தாளில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், 40 சொல்லில் ஒரு சின்னச் செய்தி எழுத வேண்டும். பேச்சு ஐந்து முதல் ஏழு நிமிடம்: தன்னைப் பற்றி, சீட்டில் இருக்கும் சொல்லை வைத்துக் கேள்வி கேட்பது, கடையிலோ டிக்கெட் கவுன்ட்டரிலோ நடப்பதுபோல் ஒரு உரையாடல். கேள்வி கேட்கும் பகுதியில்தான் நம்மவர்கள் ஊமையாகிறார்கள். இருபது வருஷமாகப் பதில் சொல்லியே பழகியவர்கள், தேர்வாளரைக் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு என்று நினைக்கிறார்கள். வாரம் ஒரு வகுப்பு முழுக்க அவர்கள் உங்களைக் கேள்வி கேட்கும் வகுப்பாக வையுங்கள். சம்பளம் உட்பட எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லிவிடுங்கள், கேட்பார்கள்.

மாதிரித் தாள்களை, டெல்ஃபை நடத்தும் பிரான்ஸ் எதுகாசியோன் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். தேர்வு மையம் சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையம். தேர்வுச் சுற்றுகளுக்குப் பதிவு முன்கூட்டியே முடிந்துவிடும், கட்டணமும் நிலைக்கு நிலை மாறும். ஆகவே தேதியை மையத்தில் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வகுப்பைத் தொடங்குங்கள்.

சென்னை என்றால் ராமேஸ்வரம் ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். தேர்வு அன்று காலை இறங்கி நேராகப் போகிறேன் என்று சிக்கனம் பார்ப்பார்கள், விடாதீர்கள். கேட்டல் தாள்தான் முதலில் வரும், ரயிலின் சத்தத்தோடு போன காதுக்கு அது ஏறாது. முதல் நாளே போய், உறவுக்காரர் வீட்டில் தங்கி, மூல பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் முன்னால் வாசலில் நிற்கட்டும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திராமல், திரும்பி வந்த வாரமே அடுத்த நிலையின் முதல் பாடத்தை எடுத்துவிடுங்கள்.